ஏ பக்கமா, பி பக்கமா

ஜூன் 8, ஞாயிறு

இந்த டைரி என் வீட்டுக்காரர் இன்னாசிக்கு வந்தது. ஜனவரியில் பேங்க்கில் கொடுத்தார்கள், பிப்ரவரியில் அவர் போய்விட்டார். "தினமும் ரெண்டு வரி எழுதும்மா, மனசு லேசாகும்" என்று மகள் சில்வியா பெங்களூரிலிருந்து போனில் சொன்னாள். என் மனசு கனமாக இருக்கிறது என்று இவளிடம் யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. நல்ல தாள், வீணாகப் போக வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

சர்ச்சில் பூசைக்குப் போய்வந்தேன். மீன் வாங்கவில்லை. ஒருத்திக்கு எதற்கு மீன். தண்ணீர் மோட்டார் உறுமுகிறது, தண்ணீர் ஏறவில்லை.

ஜூன் 9, திங்கள்

மோட்டார் விஷயத்தை இவருடைய சிநேகிதர் கமால் அண்ணனிடம் போனில் சும்மா பேச்சுவாக்கில்தான் சொன்னேன். பதினோரு மணிக்கு இன்னொரு சிநேகிதர் டெரிக் ஸ்கூட்டரில் வந்து நிற்கிறார். பொன்மலையிலிருந்து கிராப்பட்டிக்கு இந்த வெயிலில். ரயில் எஞ்சின் ஓட்டி ரிட்டயர் ஆனவர், எதைப் பார்த்தாலும் கழற்றத்தான் தோன்றும்.

"கபாசிட்டர் போயிருச்சு ஜெசி. வேற ஒண்ணும் இல்ல. இன்னாசி இருந்தா இதுக்குள்ள மூணு தடவ ஷாக் அடிச்சிருப்பான்."

சிரித்துவிட்டேன். பிறகு இரண்டு பேருமே மோட்டாரைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஜூன் 10, செவ்வாய்

மோட்டார் ஓடுகிறது.

ஜூன் 15, ஞாயிறு

சில்வியாவின் பிள்ளைகள் என்றைக்காவது இதைப் படித்தால், தாத்தா வீட்டுக்கு ஏன் வருஷா வருஷம் மூன்று கிழவர்கள் வந்து சண்டை போட்டார்கள் என்று புரிய வேண்டும். ஆகவே எழுதுகிறேன்.

'சால்ட் வார்டன்ஸ்' என்று இங்கிலாந்தில் ஒரு ராக் குழு இருந்தது. கிடார், டிரம்ஸ், முடியை வளர்த்துக்கொண்ட நாலு பேர். எழுபத்தொன்பதில் என் வீட்டுக்காரர் இன்னாசி, கண்ணாடிக்கடை கமாலுதீன், வைத்தீஸ்வரன், டெரிக் நாலு பேரும் திருச்சியில் ஒரே கல்லூரி, ஒரே ஹாஸ்டல். யாரோ சிங்கப்பூரிலிருந்து அந்தக் குழுவின் இரண்டு இசைத்தட்டுகள் கொண்டுவந்திருந்தார்கள். ஒன்று 'காப்பர் வெதர்', இன்னொன்று 'மண்டே ஹார்பர்'. இரண்டு நாளில் திருப்பிக் கொடுக்க வேண்டும். இவர் மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு ரெக்கார்டிங் கடையில் கொடுத்து, தொண்ணூறு நிமிட கேசட் ஒன்றில் இரண்டையும் பதிந்து வாங்கினார். ஏ பக்கம் காப்பர் வெதர், பி பக்கம் மண்டே ஹார்பர். மற்ற மூவரும் அந்தக் கேசட்டிலிருந்து ஆளுக்கொன்று நகல் எடுத்துக்கொண்டார்கள்.

முதல்முதலாக அதைச் சத்தமாக வைத்துக் கேட்டது ஆடிப்பெருக்கு அன்று. ஊரே காவிரிக்குப் போயிருந்தது. ஹாஸ்டல் வார்டனும் குடும்பத்தோடு அம்மா மண்டபம் போயிருந்தார். "வார்டன் ஆத்துக்குப் போனாரு, வார்டன்ஸ் வந்தாங்க" என்று கமால் அண்ணன் இன்றுவரை சொல்லுவார். ஒவ்வொரு முறையும் அவரே முதலில் சிரிப்பார்.

அன்று மாலையே சண்டை ஆரம்பித்துவிட்டது. எது உசத்தி? ஏ பக்கமா, பி பக்கமா? கமாலும் வைத்தியும் ஏ. இவரும் டெரிக்கும் பி. அதிலிருந்து ஒவ்வொரு ஆடிப்பெருக்குக்கும் கூடுகிறார்கள். கேசட் முழுவதையும் கேட்கிறார்கள், வாதாடுகிறார்கள், ஓட்டுப் போடுகிறார்கள். ரெண்டுக்கு ரெண்டு. கலைந்து போகிறார்கள். கல்யாணம், வேலை மாற்றல், பைபாஸ் ஆபரேஷன், எதற்கும் நின்றதில்லை. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு கூட்டம் எங்கள் வீட்டில்தான். ஆடிப்பெருக்கு என்றால் சித்ரான்னம் வேண்டும் என்று வைத்தி அண்ணா சொல்லிவிட்டதால், பூசைக்குப் போகிற நான் எலுமிச்சை சாதமும் புளிச்சாதமும் தயிர்ச்சாதமும் கிளறப் பழகினேன்.

கேசட்டின் மேல் பாட்டுப் பெயர்கள் கிடையாது. அதனால் இவர்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். பாடுகிறவன் நடுவில் இருமுவது இருமல் பாட்டு. தகரத்தில் அடிப்பதுபோல் ஆரம்பிப்பது தகரப் பாட்டு. சர்ச் ஆர்கன் வருவது பாதிரியார் பாட்டு. ஏ பக்கத்தின் கடைசியில் மழைச் சத்தத்தோடு வருவது மழைப் பாட்டு.

எனக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது. சமையலறையில் இருந்தபடி காதில் விழுந்ததுதான்.

ஜூன் 22, ஞாயிறு

வெயில். வடாம் போட்டேன், யார் தின்னப்போகிறார்கள் என்று தெரியாமல். பெங்களூருக்கே வந்துவிடு என்று சில்வியா மறுபடியும் ஆரம்பித்தாள். அவள் வீட்டில் தனி ரூம், பக்கத்திலேயே சர்ச், லிஃப்ட் உண்டு. இங்கே என்ன இருக்கிறது என்று கேட்டாள். பதில் சொல்ல யோசித்தேன். அவள் அதற்குள் வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

ஜூன் 29, ஞாயிறு

கமால் அண்ணன் வந்தார். என் மூக்குக்கண்ணாடிக் கால் உடைந்திருந்ததைச் சரிசெய்து கொண்டுவந்தார். காசு எடுக்கப் போனால் முறைக்கிறார். காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

"தங்கச்சி, ஒண்ணு சொல்லணும். இந்த வருசத்தோட நம்ம ஆடிப்பெருக்குக் கச்சேரிய முடிச்சிக்கலாம்னு இருக்கு. மாப்ள இல்ல. மூணே ஓட்டு. ரெண்டுக்கு ஒண்ணு ஆயிரும். கேஸ் முடிஞ்சிருச்சு. முடிஞ்ச கேசுக்கு எதுக்கு வருசா வருசம் கூட்டம்?"

"நல்லதுதாண்ணே" என்றேன்.

"உனக்கும் செரமம். மூணு கெழவனுக்கு வடிச்சுக் கொட்டிக்கிட்டு."

"அதுவும் சரிதான்" என்றேன்.

அவர் போனபிறகு சில்வியாவுக்குப் போன் போட்டு, ஆகஸ்ட் பதினைந்து லீவில் வந்து அழைத்துப் போ என்று சொன்னேன். அவளுக்குச் சந்தோஷம். வேன் சொல்லிவிடுகிறேன் என்றாள். எனக்கும் சந்தோஷம்தான். பெங்களூரில் வெயில் கிடையாது.

ஜூலை 6, ஞாயிறு

டெரிக் வந்தார். மோட்டாரைப் பார்க்க வந்தாராம். மோட்டார் நன்றாகத்தான் ஓடுகிறது என்றேன். அப்படியும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"கமால் சொல்லிட்டானா உங்கிட்ட?"

"சொன்னாரு."

"ரெண்டுக்கு ஒண்ணுல தோக்கறதுக்கு எனக்கு இஷ்டம் இல்ல ஜெசி. இன்னாசி ஓட்ட நீ போடு."

"எனக்கு என்ன தெரியும் டெரிக்? நான் புளி கரைச்சவ."

"முப்பத்தொம்பது வருஷமா கரைச்சிருக்க. உனக்குத் தெரியாததா?"

அந்த மனுஷனிடம் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. யாரிடமும் சொன்னதில்லை. எனக்குப் பிடித்தது ஏ பக்கம். அதாவது என் வீட்டுக்காரரின் எதிர்க்கட்சி. ஓட்டை நேர்மையாகப் போட்டால் மூன்றுக்கு ஒன்று, கேஸ் இன்னும் பலமாக முடிந்துபோகும். அவருக்காகப் போட்டால் ரெண்டுக்கு ரெண்டு, ஆனால் அது பொய் ஓட்டு. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

ஜூலை 7, திங்கள்

புடவைகளைப் பிரித்து வைத்தேன். பெங்களூருக்குப் பத்து போதும்.

ஜூலை 13, ஞாயிறு

ஏ பக்கம் ஏன் பிடிக்கும் என்றால் மழைப் பாட்டுக்காகத்தான்.

எண்பத்தாறு. கல்யாணமாகி வந்த முதல் ஆடி. ஹாலில் கேசட் ஓடுகிறது, நான் சமையலறையில் இருக்கிறேன். திடீரென்று மழை. ஓடிப்போய் மாடிக் கொடியில் கிடந்த துணியை எல்லாம் வாரிக்கொண்டு இறங்கினால், வெளியே பட்டப்பகல் வெயில், ஹாலில் நாலு பேரும் என்னையே பார்க்கிறார்கள். துணி மூட்டையோடு நிற்கிறேன். கமால் அண்ணன் தரையில் உருண்டு சிரித்தார். இவர் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து பாதி மூட்டையை வாங்கிக்கொண்டார். அன்றைக்குத்தான் இவரை எனக்குப் பிடித்தது. கல்யாணம் அதற்கு இரண்டு மாசம் முன்பே ஆகியிருந்தது, அது வேறு விஷயம்.

அதன் பிறகு அந்தப் பாட்டு வரும்போதெல்லாம் "ஜெசி, துணி" என்பார். காரில், ஆஸ்பத்திரி வராந்தாவில், எங்கேயாவது அந்த மெட்டை முணுமுணுத்தாலும் "ஜெசி, துணி". நான் "சும்மா இருங்க" என்பேன். அவரை ஒருமுறைகூட ஆசையாகப் பார்த்துச் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம்.

அவருக்கு பி பக்கம்தான். ஏன் என்று கேட்டால் நீளமாக வாதாட வராது. "அது முடியாம நிக்குது பாரு. இன்னும் ஏதோ பாக்கி இருக்கற மாதிரி. அதான் அழகு" என்பார். கமால் அண்ணன் உடனே பாய்வார். "அழகாடா அது? அந்தரத்துல தொங்குது. ஏ பக்கம் முடியற மாதிரி ஒலகத்துல எதுவும் முடியாது மாப்ள. மழையோட முடியுது." வைத்தி அண்ணா டிரம்ஸ் வாசிப்பதை மிருதங்கத்தில் தீர்மானம் வைப்பதுபோல் தொடையில் தட்டிக் காட்டுவார். டெரிக் இல்லாத கிடாரை மடியில் வைத்து வாசிப்பார். யாராவது ஒரு பாட்டின் வரிசையைத் தப்பாகச் சொல்லிவிட்டால் போச்சு. ஒருமுறை நான் சட்னி வைக்கும்போது இருமல் பாட்டு மூன்றாவது என்று சொல்லிவிட்டேன். நாலாவது என்று நாலு பேரும் ஒரே குரலில் திருத்தினார்கள். தப்பை விட்டுவைக்கிற ஜாதி இல்லை இவர்கள்.

இன்று நிறைய எழுதிவிட்டேன். அடுப்பில் பால் பொங்கிவிட்டது.

ஜூலை 20, ஞாயிறு

சில்வியா நேற்று வந்தாள், சாமான்களைப் பார்த்துக் கணக்குப் போட. எதை எடுப்பது, எதை விடுவது. மதியம் பீரோவைக் காலி செய்யும்போது, அந்த மழைப் பாட்டை உன் போனில் போடேன் என்று கேட்டேன். ஓட்டுப் போடுவதற்கு முன்னால் ஒருதரம் கேட்டுவிடலாம் என்றுதான்.

"ஏ பக்கம் கடைசிப் பாட்டு. காப்பர் வெதர்."

போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "காப்பர் வெதர்ல மழைப் பாட்டு இல்லம்மா."

"நல்லாப் பாரு. கடைசிப் பாட்டு."

"இல்லவே இல்லம்மா. அது மண்டே ஹார்பர்ல இருக்கு. அதுல கடைசி. அதாவது உங்க பி பக்கம்." பிறகு கொஞ்சம் தயங்கி, "அப்பாவுக்குத் தெரியும்" என்றாள்.

"எப்படித் தெரியும்?" என்றேன்.

"லாக்டவுன்ல வந்திருந்தேன்ல, அப்ப நான்தான் காட்டுனேன். அப்படியே அசந்து போயிட்டாரு. அப்புறம் சிரிச்சாரு பாரு, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும். மாமாங்ககிட்ட வாயத் தொறந்துராதன்னாரு. ஏம்ப்பா, சொன்னா நீங்க ஜெயிச்சிருவீங்களேன்னேன். ஜெயிச்சிட்டா அப்புறம் எவன் வருவான்னாரு."

பாட்டைப் போட்டாள். மழை பெய்தது. அவள் பீரோவுக்குள் தலையை விட்டிருந்ததால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜூலை 21, திங்கள்

யோசித்துப் பார்த்தால் எல்லாம் பொருந்துகிறது. தொண்ணூறு நிமிட கேசட்டில் ஒரு பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம். மண்டே ஹார்பர் பெரிய தட்டு, கடைசிப் பாட்டுக்கு பி பக்கத்தில் இடம் போதவில்லை. காப்பர் வெதர் சின்னத் தட்டு, ஏ பக்கத்தில் டேப் மிச்சம். அந்தக் காலத்து ரெக்கார்டிங் கடைக்காரர்கள் டேப்பைக் காலியாக விட மாட்டார்கள். விட்டால் வாடிக்கையாளர் ஏமாற்றிவிட்டாய் என்பார். அதனால் இங்கே மிஞ்சியதை அங்கே ஒட்டிவிட்டார். நல்ல எண்ணத்தோடுதான் செய்திருக்கிறார். அதன்மேல் உட்கார்ந்துகொண்டு இவர்கள் இத்தனை வருஷம் வாதாடியிருக்கிறார்கள்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஹெட்போன் மாட்டியே காலம் தள்ளியவள் நான். மழைப் பாட்டுக்கு முன்னால் ஒரு சின்ன 'டிக்' வரும், லைன் மாற்றும்போது வருமே, அதுபோல. எத்தனை முறை கேட்டிருப்பேன். தட்டை மாற்றிய சத்தம் அது. ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை.

எனக்குக் கோபம். அவர்களிடம் சொல்ல வேண்டாம், சரி. என்னிடம் சொல்வதற்கு என்ன? ஐந்து வருஷம் வாய்க்குள் வைத்திருந்திருக்கிறார். ஒவ்வொரு ஆடியிலும் கமால் அண்ணன் மழைப் பாட்டை வைத்து இவரை மடக்கும்போது, "அட போடா" என்று சிரித்துக்கொண்டு இருந்தாரே, அப்போதெல்லாம் ஜெயம் இவர் கைக்குள் இருந்திருக்கிறது.

ஜூலை 27, ஞாயிறு

ஒரு வாரமாக இதே யோசனை. உண்மையைச் சொன்னால் அவர் ஜெயிப்பார். கமால் அண்ணனின் முழு வாதமும் மழைப் பாட்டுதான், அது போனால் வைத்தி அண்ணாவும் தாங்க மாட்டார். நாலுக்கு நாலும் பி. ஒருமுறையாவது அவர் ஜெயிக்க வேண்டாமா? செத்த பிறகாவது?

ஆனால் ஜெயித்தாலும் கேஸ் முடிந்துவிடும். தோற்றாலும் முடிந்துவிடும்.

முடிந்தால் எனக்கென்ன. வேன் சொல்லியாயிற்று. பெங்களூரில் லிஃப்ட் உண்டு.

ஆகஸ்ட் 1, வெள்ளி

வைத்தி அண்ணா போன் செய்தார். "மன்னி, இந்த வருஷம் எலுமிச்சை சாதம் உண்டோல்லியோ? கடைசி தடவைன்னு சொல்றான் கமால். அதான் கேட்டேன்." குரல் ஒரு மாதிரி இருந்தது. சளி பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். ஆமாம் என்றார். இல்லை.

ஆகஸ்ட் 2, சனி

புளி ஊறப்போட்டேன். எலுமிச்சம்பழம் ஒன்று ஐந்து ரூபாயாம், பகல் கொள்ளை. வடாமை எடுத்து வைத்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப்பெருக்கு

எல்லோரும் போய்விட்டார்கள். பாத்திரம் தேய்க்கவில்லை. முதலில் இதை எழுதுகிறேன்.

பத்து மணிக்கே வந்துவிட்டார்கள். வைத்தி அண்ணா வீட்டு டேப்ரெக்கார்டரை டெரிக் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். என் வீட்டுக்காரர் படத்துக்குக் கமால் அண்ணன் மல்லிகைச் சரம் வாங்கிவந்திருந்தார். போடத் தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வாங்கி நான் போட்டேன்.

ஏ பக்கம் ஓடியது. வழக்கமாக இருமல் பாட்டிலேயே சத்தம் கூரையைப் பிய்க்கும். இன்று தகரப் பாட்டுக்கு வைத்தி அண்ணா தொடையில் தட்ட ஆரம்பித்து நிறுத்திவிட்டார். கடைசியில் அந்த 'டிக்'. மழை. நான் புளிச்சாதத்தைக் கிளறிக்கொண்டே இருந்தேன், கிளறி முடித்த சாதத்தை.

பிறகு பி பக்கம். பாதிரியார் பாட்டு வந்தது. கடைசியில் அது வழக்கம்போல் அந்தரத்தில் நின்றது. மடக்க ஆள் இல்லாததால் கமால் அண்ணன் எழுந்து டேப்பை நிறுத்தினார். சாப்பிட்டார்கள். வடாம் தீர்ந்துபோயிற்று.

"சரி, ஓட்டு" என்றார் கமால் அண்ணன். அவர்தான் எப்போதும் தேர்தல் அதிகாரி. "என் ஓட்டு ஏ."

"ஏ" என்றார் வைத்தி அண்ணா, தட்டைப் பார்த்துக்கொண்டு.

"பி" என்றார் டெரிக். "இன்னாசி ஓட்டு ஜெசிகிட்ட இருக்கு. நான் கேட்டிருக்கேன்."

"அதெல்லாம் ரூல்ல இல்லப்பா" என்றார் கமால் அண்ணன். சொன்னாரே தவிர, என்னைத்தான் பார்த்தார். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். மூன்று கிழவர்கள், வாயோரம் மஞ்சள்பொடியோடு. இவர்களை இனி பார்க்கப்போவதில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அதை இங்கே எழுதுவதில் வெட்கமில்லை.

"அவர் ஓட்டு வேண்டாம். எனக்குன்னு ஒரு ஓட்டுப் போட்டுக்கறேன்" என்றேன். "பி."

"பி-யா?" என்றார் கமால் அண்ணன். "ஏன் தங்கச்சி? காரணம் சொல்லணும்."

"மழைப் பாட்டுக்காக."

வாய் தவறித்தான் சொன்னேன் என்று இங்கே எழுதிவைக்கிறேன்.

மழைப் பாட்டு இருப்பது ஏ பக்கத்தில். அவர்கள் கேசட்டில், அவர்கள் கணக்கில், ஒன்றரை மணி நேரம் முன்னால் அவர்கள் காதாலேயே கேட்டபடி ஏ பக்கத்தில். இருமல் பாட்டு மூன்றாவது என்றதற்கே என்னைப் பிய்த்து எடுத்தவர்கள். நான் காத்திருந்தேன், யார் முதலில் திருத்துவார்கள் என்று.

ஒருவரும் திருத்தவில்லை.

டெரிக் டேப்ரெக்கார்டரின் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தார். வைத்தி அண்ணா தயிர்ச்சாதத்தில் மாதுளை முத்தைத் தேடினார். கமால் அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். லைனில் ஆள் இருந்துகொண்டு பேசாமல் இருந்தால் எனக்குத் தெரியும். எத்தனை வருஷப் பழக்கம். அந்த ஹாலில் மூன்று பேருமே லைனில் இருந்தார்கள்.

எப்போதிலிருந்து தெரியுமோ. ஒவ்வொருவர் வீட்டிலும் போன் இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். மற்றவனுக்குத் தெரியாது என்று நாலு பேரும் தனித்தனியாக வாயை மூடிக்கொண்டு, வருஷா வருஷம் வந்து, உயிர்போகிற மாதிரி சண்டை போட்டிருக்கிறார்கள். தெரிந்தே இவரை மழைப் பாட்டால் மடக்கியிருக்கிறார் கமால் அண்ணன். தெரிந்தே "அட போடா" என்றிருக்கிறார் இவர்.

கமால் அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "செல்லும்" என்றார். தேர்தல் அதிகாரி குரலில் மறுபடி சொன்னார். "ஓட்டு செல்லும். ரெண்டுக்கு ரெண்டு."

"அப்போ முடியலை" என்றார் வைத்தி அண்ணா. சளி எல்லாம் போய்விட்டது.

"எங்க முடியுது? அடுத்த வருசமும் தங்கச்சிக்குத் தொந்தரவுதான்."

"எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல" என்றேன். "போன மாசமே கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"நீ நல்லதுதாண்ணேன்னுட்ட."

"நீங்க முடிச்சிக்கலாம்னீங்க."

டெரிக் எழுந்து மோட்டாரைப் பார்க்கப் போனார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

பாத்திரம் தேய்த்தேன். புளிச்சாதம் மிச்சம் இருந்தது, காலையில் அதையே சாப்பிட்டேன். நன்றாக ஊறியிருந்தது. சில்வியாவுக்குப் போன் போட்டு வேன் வேண்டாம் என்றேன்.

"என்னம்மா, திடீர்னு? அங்க என்ன இருக்கு?"

"கேஸ் இழுபறியில இருக்கு" என்றேன். "விட்டுட்டு வர முடியாது."